நார்சிசிஸ்டா, வெறும் திமிரா? கம்பம் – குமுளிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர், குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம். தமிழ்நாடு – கேரள எல்லையில், மலைக்குக் கீழே வீடும் மேலே தோட்டமுமாக வாழ்கிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். நார்சிசிஸ்டிக் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் வாய் வலிக்கும் என்பதால் இனி என்.பி.டி. தமிழில் தன்மோக ஆளுமைக் கோளாறு என்றும் எழுதுகிறார்கள்.

"செல்லைத் திறந்தா நார்சிசிஸ்ட், நார்சிசிஸ்ட்ங்கிறாங்க. திமிர் பிடிச்ச ஆளுக்கு இங்கிலீஷ் பேரா அது?"

இல்லை. திமிர், தலைக்கனம், பந்தா, மெதப்பு என்று நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மலையேறினால் பொங்கச்சம், ஜாட என்று இன்னும் இரண்டு சேரும். (ஜாட என்பதை நம்ம ஊர் ஜாடை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், மலையாளத்தில் அது பந்தாதான்.) இதெல்லாம் குணத்துக்கு வைத்த பெயர்கள். புது ஜீப் எடுத்தவர் ஒரு மாதம் மெதப்பில் திரிவார், மூன்றாவது தவணை கட்டும்போது தரைக்கு வந்துவிடுவார்.

என்.பி.டி. அப்படி இறங்காது. வாலிப வயதிலேயே தொடங்கி, வீடு, வேலை, நட்பு, சொந்தபந்தம் என்று எங்கே போனாலும் ஒரே அச்சில் வருடக்கணக்கில் ஓடும். அதனால் அவர் பிழைப்போ கூட இருப்பவர் பிழைப்போ கெடும். மாமனார் வீட்டில் மட்டும் விறைப்பாக இருக்கிறவர், ஒரே ஒரு தம்பியிடம் மட்டும் முறைத்துக்கொள்கிறவர் இதில் சேரமாட்டார்கள். அங்கே வேறு ஏதோ கணக்கு ஓடுகிறது.

"டாக்டர் எதை வச்சு இதுதான்னு முடிவு பண்றாரு? ரத்தத்துல தெரியுமா?"

ரத்தம், ஸ்கேன் எதிலும் தெரியாது. பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் இந்தக் கோளாறு 1980-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் முதலில் இடம்பெற்றது. அதில் இப்போது ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன: செய்ததைவிடத் தன்னைப் பெரிதாக நினைப்பது; எல்லையில்லாத பணம், அதிகாரம், அழகு பற்றிய கற்பனையிலேயே திளைப்பது; தான் தனிப்பிறவி, தன்னைப் பெரிய ஆட்கள்தான் புரிந்துகொள்ள முடியும் என்ற எண்ணம்; ஓயாமல் பாராட்டு வேண்டுவது; வரிசை, விதி எல்லாம் மற்றவர்களுக்குத்தான் என்பது; அடுத்தவரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது; அடுத்தவர் வலியை உணர மனம் வராதது; பொறாமை, அல்லது ஊரே தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது என்ற நினைப்பு; இறுமாப்பான நடத்தை.

ஒன்பதில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதோடு முதல் பதிலில் சொன்ன இரண்டும் பொருந்த வேண்டும்: பல வருடம், பல இடம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.யின் 11-ஆம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது இந்தத் தனிப்பெயரையே வைத்துக்கொள்ளவில்லை. ஆளுமைக் கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்று அளந்துவிட்டு, எந்தக் குணங்கள் தூக்கலாக இருக்கின்றன என்று சேர்த்து எழுதும். ஆகவே சீட்டில் 'என்.பி.டி.' என்ற எழுத்து இல்லையென்றால் டாக்டர் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

"நெட்ல டெஸ்ட் இருக்கு, அவருக்குப் பதிலா நானே போட்டேன். 31 மார்க் வந்துச்சு."

நீங்கள் போட்டது அநேகமாக 40 கேள்விகள் கொண்ட என்.பி.ஐ. (நார்சிசிஸ்டிக் பர்சனாலிட்டி இன்வென்டரி) படிவமாக இருக்கும். அது சாதாரண மனிதர்களிடையே இந்தக் குணம் கூடுதலா குறைவா என்று ஆராய்ச்சிக்காக அளக்கச் செய்தது. நோய் கண்டறியும் கருவி அல்ல. ஒருவருக்காக இன்னொருவர், அதுவும் சண்டை போட்ட ராத்திரியில் போட்டால் வருவது அவர் மார்க் இல்லை, உங்கள் கோபத்தின் மார்க்.

"இது ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்றதா?"

பெண்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில் ஆண்களில் 7.7 சதவீதம், பெண்களில் 4.8 சதவீதம் என்று வந்தது. வேறு ஆய்வுகளில் இதைவிட மிகக் குறைவாகவும் வந்திருக்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும், ரீல்ஸ் சொல்கிற மாதிரி வீட்டுக்கு ஒருவர் கிடையாது.

"ஊருக்குத் தங்கமான மனுசன். வீட்டுக்குள்ள கால் வச்சா வேற ஆளு. எது நிஜம்?"

இரண்டுமே நிஜம். சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்குப் போக பத்துப் பேருக்கு ஜீப் பிடித்துக் கொடுப்பார், அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி இறக்குவார். மைக்கில் பெயர் சொல்லும்போது நாலாவதாகச் சொல்லிவிட்டால் அன்று இரவு வீட்டில் யாரும் தூங்க முடியாது. தன் மதிப்பைத் தானே உள்ளுக்குள் தாங்கிக்கொள்ள முடியாததால் அது வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஊரில் கைதட்டல் கிடைக்கிறது. வீட்டில் கிடைக்காது, ஏனென்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு அவருடைய கடனும் தெரியும், குறட்டையும் தெரியும்.

எப்படி வெடிக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். புற்றடி ஏலக்காய் ஏல மையத்திலிருந்து வருகிறார். அவர் காய் போன விலையைவிடப் பக்கத்துத் தோட்டக்காரர் காய் கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூடப் போயிருக்கிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தட்டை வைத்துவிட்டு மனைவி, "இன்னிக்கு என்ன விலைக்குப் போச்சு?" என்கிறாள். சாதாரணக் கேள்வி. அவர் காதில் அது 'நீ தோத்துட்டியாமே' என்று விழுகிறது. அவமானம் ஒரு நொடியில் கோபமாக மாறுகிறது. "சோத்துல கல்லு" என்று தட்டு பறக்கிறது. அவள் அடுத்த ஒரு வாரம் அரிசியைப் புடைத்துப் புடைத்துக் கல் தேடுவாள். கல் அரிசியில் இல்லை.

"எங்க அண்ணி பந்தாவே பண்ணமாட்டாங்க. மெல்லமாத்தான் பேசுவாங்க. ஆனா எப்பவும் 'என்னை யாரு மதிக்கா'தான். இதுவுமா?"

இருக்கலாம். வெளிப்படையாக நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள் ஒரு வகை; உள்ளுக்குள் அதே பெரிய எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு, கிடைக்காதபோது சுருண்டுகொள்கிறவர்கள் இன்னொரு வகை. சீமந்தப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதை ஆறு வருடம் கழித்தும் தேதியோடு சொல்வார்கள். அடுத்தவர் வீட்டு சாவுக்குப் போய் வந்தும், அங்கே தனக்கு நாற்காலி போடாததுதான் நினைவிருக்கும். ஒரே ஆளிடம் இரண்டு முகமும் மாறி மாறி வருவதும் சகஜம்: தொழில் ஓடும்போது முதல் வகை, படுத்துவிட்டால் இரண்டாவது.

ஆனால் இதே புலம்பல் மனச்சோர்விலும் வரும், நிஜமாகவே மதிக்காத வீட்டில் மாட்டிய மருமகளுக்கும் வரும். அண்ணியை யாரும் மதிப்பதில்லை என்பது உண்மையா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

"எங்க அப்பா அறுபது வயசு வரைக்கும் பூனை மாதிரி இருந்தாரு. இப்ப ஆறு மாசமா தான்தான் பெரிய ஆளுங்கிறாரு, யாரையும் மதிக்கல."

இது என்.பி.டி. மாதிரி இல்லை, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆளுமை அறுபதில் புதிதாக முளைக்காது. முளைத்தால் வேறு நோய் இருக்கிறது என்று தேட வேண்டும்.

மூன்று விஷயம் பாருங்கள். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுச் சோர்வே இல்லாமல் எழுந்து, பேச்சு நிற்காமல், கண்டபடி செலவு செய்து, நிலம் வாங்க அட்வான்ஸ் கொடுத்தால் அது மேனியா எனப்படும் மன எழுச்சியாக இருக்கலாம். அதற்கு மாத்திரை நன்றாக வேலை செய்யும். குடித்தால் மட்டும் இந்தப் பேச்சு என்றால் குடியைப் பார்க்க வேண்டும். கூச்சம் விட்டுப் பேசுவது, பேரன் அழுதாலும் கண்டுகொள்ளாதது, திடீரென்று இனிப்பு மேல் வெறி, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது என்றால் மூளையின் முன்பகுதி தேயும் ஒருவகை மறதி நோயாக இருக்கலாம். பெரும்பாலும் 45-க்கும் 65-க்கும் இடையில் தொடங்கும் அந்த நோயில் ஆரம்பத்தில் மறதியே தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் குடும்பங்கள் 'வயசான திமிரு' என்று விட்டுவிடுகின்றன.

"வளர்ப்புத் தப்பா? ஒரே பையன்னு செல்லம் குடுத்தது தப்பாப் போச்சா?"

பிறப்பிலேயே வரும் சுபாவம் பாதி வேலையைச் செய்கிறது; தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. வளர்ப்பில் எது சேர்கிறது என்பதற்கு 2015-ல் நெதர்லாந்தில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு நல்ல விடை தந்தது. 'என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட உசத்தி' என்று பெற்றோர் நம்பிய வீடுகளில் பிள்ளைகளிடம் நார்சிசக் குணம் கூடியது. அன்பாக, ஒட்டுதலாக நடத்திய வீடுகளில் தன்மதிப்புதான் கூடியது, நார்சிசம் கூடவில்லை. இன்னொரு பக்கம், பரீட்சையில் முதலாவது வந்தால் மடியில், இரண்டாவது வந்தால் வாசலில் என்று வளர்க்கும் வீடுகளும், அவமானப்படுத்தி வளர்க்கும் வீடுகளும் இதில் அடிபடுகின்றன.

செய்முறையில் வித்தியாசம் சின்னது. "நீ விழுந்து விழுந்து படிச்ச, பலன் கிடைச்சிருச்சு" என்பது ஒன்று. "உன் மாதிரி இந்தத் தெருவுல எவனும் இல்ல" என்பது வேறு. பதினைந்து வயதுப் பையன் கண்ணாடி முன் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வயதுக்கு அது இயல்பு, டாக்டர்களும் பதினெட்டுக்கு முன் இந்தப் பெயரை வைக்கத் தயங்குவார்கள்.

"இதுக்கு மாத்திரை இருக்கா? சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்கலாமா?"

என்.பி.டி.க்கு என்று ஒரு மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, குடி இவற்றுக்கு மருந்து உண்டு. அவை குறைந்தால் வீட்டில் சூடும் குறையும்.

சாம்பாரில் கலப்பது வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கம் இது நிறைய நடக்கிறது, மருந்துக் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுகிறார்கள். டாக்டர் பார்க்காமல் அளவு தெரியாது. தூக்கம் சொக்கி மலைப்பாதையில் வண்டி ஓட்டுவார், அல்லது குடித்துவிட்டு வந்து அதன் மேல் இதுவும் சேர்ந்து மூச்சு மந்தமாகும். ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிட்டால், 'எனக்கு விஷம் வைக்கிறாங்க' என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்த மாதிரி ஆகும். அதற்குப் பிறகு எந்த வைத்தியத்துக்கும் அவரைக் கூட்டிப்போக முடியாது.

"'எனக்கென்ன பைத்தியமா?'ன்னு கேக்குறாரு. எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

அவருக்கு வலிக்கிற இடம் வழியாகப் போங்கள். உங்களுக்கு வலிக்கிற இடத்தைக் காட்டினால் வரமாட்டார். "நீங்க எல்லாரையும் திட்டுறீங்க, டாக்டரைப் பாப்போம்" என்றால் கதவு சாத்தியாயிற்று. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புரண்டுகிட்டு இருக்கீங்க, தூக்கத்துக்கு ஒரு தடவை காட்டிருவோம்" என்றால் பாதிப் பேர் வருவார்கள். தூக்கம், பிரஷர், நெஞ்சு படபடப்பு, தொழிலில் வந்த சறுக்கல், பிள்ளை பேசாமல் போனது, இப்படி ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். முதலில் அவர் நம்பும் பொது மருத்துவரிடம் போய், அவர் வாயால் மனநல மருத்துவரைச் சொல்ல வைப்பது இன்னும் நல்லது.

உள்ளே போனதும் நீங்கள் முந்திக்கொண்டு குற்றப்பட்டியல் வாசிக்காதீர்கள். இதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதல் நாள் அவர் பேசட்டும். உங்கள் விவரத்தை ஒரே பக்கத்தில் எழுதி, வேறு நாளில் தனியாக டாக்டரிடம் கொடுக்கலாம். "சுயநலக்காரர்" என்று எழுதினால் டாக்டருக்கு உதவாது. "ஆவணி மாதம் மூன்று முறை: கூலி கேட்ட ஆளைத் திட்டியது, மகள் மார்க் ஷீட்டைக் கிழித்தது, அண்ணன் வீட்டு விசேஷத்திலிருந்து பாதியில் எழுந்து வந்தது" என்று எழுதினால் உதவும்.

"எங்க போறது? மலையாளத்துல மனசு விட்டுப் பேச வராதே."

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரம், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. தொடக்கத்திலேயே மொழியைக் கேட்பார்கள். நேரில் என்றால் கீழே தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, க.விலக்கில். மேலே, மாவட்ட மனநலத் திட்டக் குழு அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் நாள் கேட்டுவிட்டு ஜீப் ஏறுங்கள்.

கவுன்சிலிங் போர்டு மாட்டியவர்கள் எல்லோரும் இதைக் கையாள முடியாது. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். பேச்சு சிகிச்சைக்கு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேண்டும். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் பதிவு எண் இருக்கும். கேட்டால் காட்டுவார்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

"மாறுவாங்களா? எத்தனை நாள் ஆகும்?"

சிலர் மாறுகிறார்கள், மெதுவாக. வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ, வருடக் கணக்கில் நடக்கிற வேலை. ஸ்கீமா தெரபி மாதிரியான பேச்சு சிகிச்சை முறைகள் இருக்கின்றன. என்ன முறையானாலும் உள்ளே நடப்பது இதுதான்: அவமானம் வந்த நொடியை அவரே அடையாளம் கண்டு, அதைக் கோபமாக்காமல் தாங்கப் பழகுவது. பலர் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். "அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்பார்கள். டாக்டர் ஏதோ ஒன்றைச் சரியாகத் தொட்டிருக்கிறார் என்பதற்கு அதுவே அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஒரு வாரம் பூ வாங்கி வந்தார், கோயிலுக்குக் கூட்டிப்போனார் என்பதை மாற்றமாக எண்ணாதீர்கள். தப்பு நடந்தபின் தானாக வந்து, "நான் பண்ணினது தப்பு" என்று காரணம் சேர்க்காமல் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"கத்த ஆரம்பிச்சிட்டா நான் என்ன பேசணும்?"

குறைவாக. அந்த நேரத்தில் விளக்கம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு விளக்கமும் அடுத்த சண்டைக்கு நூல் எடுத்துக் கொடுக்கும். ஐந்தாறு வார்த்தையில் ஒரே வாக்கியம்: "கத்தினா பேச முடியாது, அப்புறம் பேசுவோம்." அதையே அதே குரலில் இரண்டாம் முறை. அப்புறம் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுங்கள். சிரிக்கக் கூடாது, பழைய கணக்கை எடுக்கக் கூடாது, முக்கியமாக "நீ நார்சிசிஸ்ட்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாள் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு உங்கள் மேலேயே எறிவார்.

பேச வேண்டியதை மறுநாள், தனியாக, வயிறு நிறைந்திருக்கும்போது பேசுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம், அதுவும் கோரிக்கையாக: "ஸ்கூல் பீஸ் பத்தாம் தேதிக்குள்ள என் கையில வேணும்." அதற்குப் பதிலாக நம் வீடுகளில் செய்வது பஞ்சாயத்து. மாமா, சித்தப்பா, பங்காளி எல்லோரையும் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்பது. இவரிடம் அது இரண்டு விதத்தில் திரும்பும். சபையில் அவர்தான் அழகாகப் பேசுவார், ஜெயிப்பார். சபையில் பட்ட அவமானத்துக்கான வசூல், எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போனபின் உங்களிடம் நடக்கும்.

இதெல்லாம் வாய்ச் சண்டைக்கு மட்டும். கை ஓங்கினால் மேலே சொன்ன எதையும் செய்துகொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியே வாருங்கள், அவசர உதவி எண் 112-க்கு அழையுங்கள்.

"நடந்ததையே நடக்கலங்கிறாரு. இப்ப எனக்கே என் ஞாபகத்து மேல சந்தேகமா இருக்கு."

இதை கேஸ்லைட்டிங் என்கிறார்கள். பல வருடம் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். ஒரு சின்ன நோட்டு போடுங்கள்: தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள். உங்கள் கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். அதை அவரிடம் காட்டி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அது உங்களுக்கான நோட்டு. டாக்டருக்கு எழுதச் சொன்ன ஒரு பக்கம் இதிலிருந்தே வரும், பின்னால் வழக்கு என்று போனாலும் உதவும். வீட்டில் வைக்க முடியாவிட்டால் அம்மா வீட்டிலோ நம்பிக்கையான தோழியிடமோ வையுங்கள்.

கூடவே ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்புக், நகைக் கடன் ரசீது எல்லாவற்றுக்கும் நகல். ரேஷன் கார்டு ஒரு மாநிலத்திலும் குடியிருப்பு இன்னொரு மாநிலத்திலுமாக இருக்கிற நம் பக்கத்தில் இந்த நகல்கள் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது.

"எங்க தோட்டத்து சூப்ரவைசர் அச்சு அசல் இப்படித்தான்."

இருக்கலாம், ஆனால் அவருக்குப் பெயர் வைப்பது உங்கள் வேலையில்லை. பாராட்டு வேண்டும் என்றால் நாலு பேர் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், செலவில்லை. கணக்கில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வேலைக்குப் போன நாள், எடுத்த காயின் எடை, வாங்கிய கூலி மூன்றையும் அன்றன்றைக்கு உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். தகராறு வந்தால் தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

"தங்கச்சியைக் கேரளாவுல கட்டிக்குடுத்தோம். இப்ப கம்பத்துக்கே வந்துட்டா. கேஸ் அங்கதான் போடணுமா?"

இங்கேயே போடலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமும் மனு கொடுக்க வழி விடுகிறது. இங்கே வாங்கிய உத்தரவு கேரளாவிலும் செல்லும். அடி மட்டுமல்ல, வாயால் இழிவுபடுத்துவது, செலவுக்குக் கொடுக்காமல் வைப்பது, நகையைப் பிடுங்குவது எல்லாம் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். கணவருக்கு நோய் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. மாமியார், நாத்தனார் மேலும் மனு போடலாம்.

தேனி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அல்லது பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஆகவே இடைக்கால உத்தரவை முதல் நாளே சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

"என்.பி.டி.ன்னு சர்டிபிகேட் வாங்கிட்டா டைவர்ஸ் சுலபமாமே?"

அப்படியில்லை. இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் ஒரு காரணம்தான், ஆனால் சேர்ந்து வாழ முடியாத அளவு கடுமை இருக்கிறதா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். வெறும் பெயர் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் அந்தக் காரணம் இன்னும் கடினம். இரண்டு சட்டத்திலும் கொடுமை என்ற காரணம் தனியாக இருக்கிறது, அதற்குச் சம்பவங்கள் வேண்டும். முன்பு சொன்ன நோட்டுதான் இங்கேயும் பேசும். அவரைப் பார்க்காமலேயே உங்கள் பேச்சை மட்டும் கேட்டு ஒருவர் சர்டிபிகேட் தருகிறார் என்றால் அந்தக் காகிதமும் நிற்காது, அந்த ஆளையும் நம்ப வேண்டாம்.

"பிடிச்சுட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேத்துரலாமா?"

குணம் சரியில்லை என்பதற்காக முடியாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால் மனநோய் கடுமையாக இருந்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். வேனில் ஆள் வைத்துத் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு மையங்கள்' பக்கம் போகாதீர்கள்.

"நான் கிளம்புறேன்னா 'செத்துருவேன்'ங்கிறாரு. நடிப்புதானே?"

நடிப்பு என்று முடிவு கட்ட உங்களால் முடியாது, எங்களாலும் முடியாது. இப்படிப்பட்டவர்களுக்குத் தற்கொலை அபாயம் நிஜமாகவே உண்டு. நஷ்டம், பிரிவு, ஊர் முன்னால் அவமானம் இவற்றுக்குப் பின்னால், வெளியே சோர்வு தெரியாமலேயேகூட நடக்கிறது. மிரட்டலாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பதில் ஒன்றே. 14416-க்கோ 112-க்கோ அழையுங்கள், அவர் கேட்கிற ஒருவரை உடனே துணைக்கு வரவழையுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கிளம்பும் முடிவை அதற்காக மாற்ற வேண்டியதில்லை, அவரைத் தனியாக மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். அடி, உயிர் பயம் என்று இருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். வெளியே வந்துவிட்டு 112-ல் இரண்டையும் சொல்லுங்கள்.

ஏலத் தோட்ட வீடுகளில் ஒரு காரியம் இன்றே செய்ய வேண்டும். பூச்சிமருந்து கேன்களை வீட்டிலிருந்து எடுத்துத் தள்ளி ஒரு ஷெட்டில் பூட்டி, சாவியை வெளியாளிடம் கொடுங்கள். அந்த நேரத்து வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் கேன் இருந்தால்தான் தணிய நேரம் கிடைக்காது. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார் என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்று தயங்க வேண்டாம்: முன் பதிலில் சொன்ன அதே 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

"இதையெல்லாம் படிச்சா எனக்கே இருக்குமோன்னு தோணுது."

இப்படிக் கேட்கிறவர்களுக்கு இருக்காது என்று ஆறுதல் சொல்வது வழக்கம். அது முழு உண்மையில்லை. என்.பி.டி. உள்ளவர்களும், குறிப்பாக அண்ணியைப் பற்றிய கேள்வியில் சொன்ன இரண்டாம் வகையினர், ராத்திரியில் தனியாக இதைக் கேட்டுக்கொள்வதுண்டு. தப்பைச் சுட்டிக்காட்டும்போது உடம்பில் முதலில் என்ன நடக்கிறது, யாராவது நம்மை மிஞ்சினால் அன்று வீட்டில் யார் திட்டு வாங்குகிறார்கள், இந்த இரண்டையும் பத்து நாள் கவனித்து எழுதி, டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். தானாக வந்து கேட்கிறவரோடு சிகிச்சையைத் தொடங்குவது, தூக்கத்துக்கு என்று சொல்லிக் கூட்டிவந்தவரோடு தொடங்குவதைவிட எவ்வளவோ எளிது.